கல்லடைப்பு வலியா? முதலில் வலி ஊசியைக் கேளுங்கள்

குமரி மாவட்டத்துக்காரர்கள் கவனத்துக்கு. மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் என் தம்பியை நடத்திய விதத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு கொதிக்கிறது.

அவன் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியற்காலையில் தோட்டத்திலேயே விலாவுக்குக் கீழே வலி பிடித்து, அடிவயிற்றுக்கு இறங்கி, வாந்தியும் எடுத்துவிட்டான். அவசரப் பிரிவில் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டி, தசைப்பிடிப்புக்கான ஊசி ஒன்றைப் போட்டு, "தண்ணீர் ஏறினால் கல் தானாக இறங்கிவிடும்" என்றார்கள். கட்டில் கம்பியை அவன் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. வலிக்கு ஏதாவது போடுங்கள் என்று கெஞ்சினால், "ஸ்கேனுக்குப் பணம் கட்டிவிட்டு வாருங்கள்" என்பதுதான் பதில். ஸ்கேனில் 4 மி.மீ. கல். காய்ச்சல் இல்லை, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கே அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் இறங்க உள்ளே குழாய் (ஸ்டென்ட்) வைக்க வேண்டும், முன்பணம் கட்டுங்கள் என்று நெருக்கினார்கள்.

கையெழுத்துப் போட மறுத்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அல்சர் உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, மருந்து ஏதாவது ஒவ்வாதா என்று கேட்டுவிட்டு, டைக்ளோபினாக் என்ற வலி ஊசியை, 75 மி.கி., இடுப்பில் போட்டார்கள். அரை மணி நேரத்துக்குள், "அண்ணா, ஒரு சாயா வாங்கித் தா" என்று எழுந்து உட்கார்ந்தான். விலை மலிவான அந்த ஊசிக்காகவா அவ்வளவு நேரம் துடிக்கவிட்டார்கள்?

கல் சிறுநீர்க்குழாயை அடைக்கும்போது சிறுநீரகத்துக்குள் அழுத்தம் ஏறுகிறது, வலி அதனால்தான். டைக்ளோபினாக், கீட்டோரோலாக் போன்றவை அந்த அழுத்தத்தையே தணிக்கின்றன. மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வகை மருந்தைத்தான் முதலில் கொடுக்கச் சொல்கிறது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ரத்தக்குழாய் வழியே பாராசிட்டமால், அதற்கும் அடங்காவிட்டால் மார்பின் வகை மருந்து. தசைப்பிடிப்பு ஊசி வேண்டாம் என்றே அதில் இருக்கிறது. வாந்தியில் வற்றிப்போனவருக்குக் குளுக்கோஸ் தேவைதான். ஆனால் அது கல்லைத் தள்ளிவிடாது. 5 மி.மீ.க்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும்.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வலியோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் இருந்தால், சிறுநீர் நின்றுபோனால், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவரென்றால் குழாய் வைப்பது உயிரைக் காக்கும். அப்போது தாமதிக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் சிறுநீரகம் பழுதானவர்களும் டைக்ளோபினாக் போடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

போடுகிற ஊசியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ரசீதுகளோடு நாகர்கோவிலில் நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுக்கப் போகிறோம். இதே போல் அலைக்கழிக்கப்பட்டவர்கள் எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.