வாக்குத்தத்தப் பெட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பாளையங்கோட்டையிலுள்ள ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில், சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், 150 ரூபாய் கொடுத்து ஒரு வாக்குத்தத்தப் பெட்டி வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் அட்டைப் பெட்டி. அதனுள் இரண்டு விரல் அகலத்தில், வேதாகமத்திலுள்ள கடவுளின் வாக்குறுதிகளை (வாக்குத்தத்தங்களை) அச்சிட்ட 200 வசனச் சீட்டுகள் நிற்கவைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. இரவில் குடும்ப ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டை உருவி, சத்தமாக வாசித்துவிட்டு, திரும்பச் செருகிவைப்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். பழைய பெட்டியின் சீட்டுகள் முனை மழுங்கிக் கிழிந்துபோனதால் புதியது வாங்கவேண்டியதாயிற்று.

பொருளின் தரத்தில் பெரிய குறையில்லை. தாள் கெட்டியானது, ஓராண்டாகத் தினமும் கைபட்டும் சீட்டுகள் வளையவில்லை. எழுத்து பெரிதாக இருப்பதால் என் அத்தை, அதாவது கணவரின் தாயார், கண்ணாடி போடாமலே வாசித்துவிடுகிறார்கள். மூடி மட்டும் ஆறு மாதத்தில் தளர்ந்துவிட்டது. ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறோம். நான் இதை எழுதுவதற்குக் காரணம் தாளோ மூடியோ அல்ல. வசனங்களை எப்படித் தொகுத்திருக்கிறார்கள் என்பதும், ஒரு பெரிய முடிவை எடுக்கவேண்டிய நேரத்தில் அந்தத் தொகுப்பு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுமே காரணம்.

என் கணவர் தூத்துக்குடியில் ஒரு பணிமனையில் வெல்டராக வேலை செய்கிறார். சென்ற மார்ச் மாதம் ஓமன் நாட்டு மஸ்கட்டில் வேலை இருப்பதாக ஒரு முகவர் மூலம் தகவல் வந்தது. வீட்டுக் கடனின் பாரம் இருந்ததால் இருவருக்கும் போகவேண்டும் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால், ஜெபம் பண்ணுவதற்கு முன்பே மனத்தளவில் பெட்டி கட்டிவிட்டோம். அன்றிரவு, "ஆண்டவரே, உமது சித்தத்தைக் காட்டும்" என்று ஜெபித்துவிட்டு நான் சீட்டை உருவினேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: "நான் உங்களைக் கட்டுவேன், உங்களை இடிக்கமாட்டேன், உங்களை நாட்டுவேன், உங்களைப் பிடுங்கமாட்டேன்." என் கணவரின் கண்கள் கலங்கிவிட்டன. இதைவிடத் தெளிவான பதில் வேறென்ன வேண்டும் என்று நானும் நினைத்தேன்.

அத்தை மட்டும் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எரேமியா 42:10 இல்லையா? அதிகாரத்தை முழுசா வாசிம்மா" என்றார்கள். வேதாகமத்தைத் திறந்தேன். அந்த வசனம், "நீங்கள் இந்தத் தேசத்திலே தரித்திருந்தால்" என்று தொடங்குகிறது. சீட்டை அச்சிட்டவர்கள் அந்த முதல் பகுதியை வெட்டிவிட்டிருந்தார்கள். தேசத்தை விட்டுப் போகவேண்டாம் என்று சொல்லப்பட்ட வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, போகச் சொல்லிவிட்டார் என்று நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

இதனால் மஸ்கட்டுக்குப் போகக்கூடாது என்று கர்த்தர் சொல்லிவிட்டார் என்று நான் சொல்லவில்லை; அப்படி எடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் அதே தவற்றின் மறுபக்கமாகவே இருந்திருக்கும். எருசலேம் பாபிலோனியர் கையில் விழுந்த பிறகு யூதாவில் மீதியாயிருந்த ஜனங்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது. அவர்கள் யோகனான் என்ற படைத்தலைவனின் தலைமையில் எகிப்துக்குப் போவதற்காகப் புறப்பட்டு, பெத்லெகேமுக்கு அருகில் தங்கியிருந்தபோது எரேமியா தீர்க்கதரிசியிடம் வருகிறார்கள். நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தருடைய சத்தத்துக்குக் கீழ்ப்படிவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வருகிறது. அது அவர்கள் எதிர்பார்த்த பதிலாக இல்லாததால், "நீ பொய் சொல்லுகிறாய்" என்று தீர்க்கதரிசியையே குற்றம்சாட்டிவிட்டு, எகிப்துக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் குத்தியது எகிப்தும் மஸ்கட்டும் அல்ல. முடிவு செய்துவிட்டு வந்து ஆலோசனை கேட்ட அவர்களுடைய நெஞ்சம்தான். அது எங்கள் நெஞ்சமாகவே இருந்தது.

அதற்குப் பிறகு பெட்டியிலுள்ள 200 சீட்டுகளையும் மூன்று மாலைகள் உட்கார்ந்து வேதாகமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முழு வசனமாக இருக்கும் சீட்டுகளும் நிறைய உண்டு. ஆனால் கர்த்தர் செய்வதை வைத்துக்கொண்டு, நாம் செய்யவேண்டியதை நீக்கிய சீட்டுகளும் பல உண்டு. "அவர் உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார்" என்ற சங்கீதம் 37:4 இருக்கிறது. "கர்த்தரிடத்தில் மனமகிழ்ச்சியாயிரு" என்ற முன்பகுதி இல்லை. "அவர் உன் பாதைகளைச் செவ்வைப்படுத்துவார்" என்ற நீதிமொழிகள் 3:6 இருக்கிறது. அதற்கு முந்தைய வசனத்திலுள்ள "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்ற சொற்கள் இல்லை. முடிவெடுக்கத் தவிக்கும் ஒருவருக்கு முதலாவது தேவைப்படுவதே அந்தச் சொற்கள்தான். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 வழக்கம்போல் இருக்கிறது. அந்த நன்மை வருவது பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பே என்று சொல்லும் பத்தாம் வசனம் எந்தப் பெட்டியிலும் இருக்கப்போவதில்லை. கடினமான வசனங்களைச் சீட்டில் அச்சிட்டால் விற்காது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அரை வசனத்தை முழு வசனம் போல அச்சிடுவதை என்னால் ஏற்கமுடியவில்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்லவேண்டும். பத்து நாள் பெட்டியைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தோம். காலையில் இருவரும் சேர்ந்து நீதிமொழிகளையும் யாக்கோபு நிருபத்தையும் வரிசையாக வாசித்தோம். எங்கள் சேகரத்து (சபை வட்டாரத்து) போதகரான ஐயரவர்களிடம் போனோம்; அவர்கள் போ என்றோ போகாதே என்றோ சொல்லவில்லை. சங்கீதம் 32:8ஐ வாசிக்கும் எல்லோரும் ஒன்பதாம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். "உன்மேல் என் கண்ணை வைத்து, உனக்கு ஆலோசனை சொல்லுவேன்" என்று வாக்களித்த கர்த்தர், உடனே அடுத்ததாக, கடிவாளம் போட்டால்தான் கிட்டே வரும் புத்தியில்லாத குதிரையைப்போல இருக்கவேண்டாம் என்கிறார். வேதம், ஜெபம், விவரமறிந்தவர்களின் ஆலோசனை, அவர் கொடுத்த புத்தி ஆகிய எல்லாவற்றையும் பயன்படுத்தி நடக்கச் சொல்லும் தகப்பனிடம், சீட்டு என்ற கடிவாளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

வளைகுடாவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த என் சித்தப்பா, வேலை ஒப்பந்தத்தை வாங்கி வரிவரியாகப் பார்த்தார். முகவர் வாயால் சொன்ன சம்பளம் அதில் இல்லை. வேலை நேரமும் தெளிவாக இல்லை. பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு சேவைக் கட்டணம் வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்க, எங்களிடம் கேட்டது 1,20,000 ரூபாய். பதிவு எண்ணைக் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார். இந்த வழியாகப் போவதில்லை என்று முடிவு செய்தோம். வெளிநாடே வேண்டாம் என்பதல்ல அந்த முடிவு; நாளை நேர்மையான வாய்ப்பு வந்தால் மறுபடியும் இதேபோல உட்கார்ந்து பேசுவோம். கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளில் வந்த சமாதானம் கடன் தீர்ந்ததால் வந்ததல்ல, ஆகையால் கடன் நிற்பதால் அது போய்விடவும் இல்லை.

வசனத்தைச் சீட்டுப்போட்டு எடுக்கும் வழக்கத்துக்கு நெடிய வரலாறு உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் குடியேறிய மொராவிய சகோதரர்கள் என்ற புராட்டஸ்டன்ட் சபையாருக்கு, 1728ஆம் ஆண்டு முதல், அவர்களின் தலைவரான சின்சென்டார்ஃப் பிரபு அன்றன்றைக்குரிய ஒரு வசனத்தைக் கொடுக்கத் தொடங்கினார். 1731இலிருந்து அது புத்தகமாக அச்சாகி இன்றுவரை வருகிறது. அவர்களில் சிலர் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து தங்கியிருந்தார்கள். அதே சபையில் திருமணத்தையும் சீட்டுப்போட்டே தீர்மானிக்கும் முறை இருந்தது. சாதாரண உறுப்பினர்களுக்குக் கட்டாயமாக இருந்த அந்த முறையை 1818இல் நீக்கிவிட்டார்கள். தினவசனத்தையோ விடவில்லை. நான் ஓராண்டில் வந்து சேர்ந்த இடத்துக்கு அவர்கள் எப்போதோ வந்துவிட்டிருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆகவே இந்தப் பெட்டியை வாங்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். சோர்ந்து வரும் ஒரு மாலையில் "பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" என்ற ஒரே வரி கையில் வந்து விழுவது சிறிய காரியமல்ல. பிள்ளைகள் வசனங்களை மனப்பாடம் செய்வதற்கும் இது நன்றாக உதவுகிறது. வேலை, திருமணம், வீடு விற்பது போன்ற காரியங்களுக்கு மட்டும் இதைக் கையில் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம்: சீட்டை எடுப்பவர் வேதாகமத்தில் அந்த இடத்தைத் திறந்து, முன்னும் பின்னும் ஐந்து வசனங்களையும் சேர்த்து வாசிக்கவேண்டும். ஜெபம் முடிய கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகிறது. என் மகன் இரண்டு முறை தூங்கிவிழுந்திருக்கிறான், ஆனாலும் விடவில்லை.

கடையில் வாங்கும்போது பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் அதிகாரமும் வசன எண்ணும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பெட்டியில் பல சீட்டுகளில் அது இல்லை; நான் உருவிய எரேமியா சீட்டிலும் இல்லை. அத்தைக்கு அந்த வசனம் மனப்பாடமாக இருந்ததால் நாங்கள் தப்பினோம்.