ஃபெஸ் பழைய நகரம்: முதுகுப்பையோடு போகிறவருக்கு எப்படி?

மொராக்கோவுக்கு முதன்முறை போகிறவர்கள் பலரும் மர்ரகேஷையே பிடித்துக்கொள்கிறார்கள். பழைய நகரம் பார்க்கத்தான் பயணம் என்றால் எங்கள் ஓட்டு ஃபெஸ்ஸுக்கு. 1981இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரமான ஃபெஸ் எல் பாலியின் சந்துகளுக்குள் கார் நுழையாது. சரக்கெல்லாம் தள்ளுவண்டியில் அல்லது கழுதை முதுகில்தான். பின்னாலிருந்து "பாலக்!" (வழி விடு!) என்று குரல் வந்தால் திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கழுதைக்கு பிரேக் கிடையாது.

சந்துகளில் தொலையாமல் யாரும் வந்ததில்லை. உயர்ந்த சுவர்களுக்கு நடுவே போன் வரைபடத்தின் நீலப்புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவிவிடும். அதைவிட நம்பகமானது நிலத்தின் சரிவு. மேற்கே 1913இல் கட்டிய நீல வாசல், பாப் பூ ஜெலூத். அதை ஒட்டித் தொடங்கும் தாலா கெபீரா, தாலா ஸ்கீரா என்ற இரண்டு தெருக்களும் கரவியீன் பள்ளிவாசல் பக்கம் இறங்குகின்றன. இறக்கம் என்றால் நகரின் நடு, ஏற்றம் என்றால் வாசல். மாலையில் ஏறி மூச்சு வாங்க வேண்டாம்: கீழே ர்சீஃப் சதுக்கம் வரை டாக்ஸி வரும், அங்கிருந்து நீல வாசலுக்குத் திரும்பிவிடலாம். சிவப்பு நிற பெத்தி டாக்ஸியில் (நகருக்குள் ஓடும் சின்ன டாக்ஸி) மூன்று பேர்தான் ஏறலாம். மீட்டரைப் போடச் சொல்லி உட்காருங்கள். இரவு 8 மணிக்கு மேல் பாதிக் கட்டணம் கூடுதல்.

தங்க, நீல வாசலிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இடம் பாருங்கள். நடுச்சந்து விடுதி படத்தில் அழகு. இரவு பத்து மணிக்கு அதைக் கண்டுபிடிப்பது வேறு கதை. பழைய வீடுகளில் அறை ஜன்னல்கள் முற்றத்தைப் பார்த்தே இருக்கும். அதனால் வெளிச்சம் குறைவு, கீழே பேசுவது மேலே கேட்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஓடு பதித்த அறைகள் ஜில்லென்று இருக்கும். முன்பதிவின்போதே ஹீட்டர் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

"அந்த வழி மூடியிருக்கு" என்று ஒரு பையன் வருவான். வழி திறந்துதான் இருக்கும். அவன் பின்னால் போனால் தோல் கடையில் விட்டுக் காசு கேட்பான். "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லி நடையை நிறுத்தாமல் போங்கள். முதல் நாள் காலை அடையாள அட்டை உள்ள வழிகாட்டியை அரை நாளுக்கு அமர்த்துவது வீண் செலவல்ல. ஆனால் கிளம்பும் முன்பே தொகையைப் பேசி, கடைகள் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அவருக்கான கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும்.

ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பு. அதில் ஊறினால் மயிர் கழன்றுவிடும். அடுத்து புறா எச்சம் கரைத்த நீர் தோலை மென்மையாக்கும். கடைசியில்தான் சாயத் தொட்டிகள். நாற்றத்துக்குக் காரணம் அந்த எச்சம்தான். கையில் தரும் புதினாக் கொத்து பாதிதான் காப்பாற்றும். காட்சி முழுதாகத் தெரிவது சுற்றியுள்ள தோல் கடைகளின் மொட்டைமாடியிலிருந்து. "இலவசம்" என்பார்கள், இறங்கும்போது வாங்கச் சொல்லி நெருக்குவார்கள். வாங்காவிட்டால் சிறு தொகை கொடுத்து நகருங்கள். வாங்குவதென்றால், ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம்.

859இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கரவியீனுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை, வாசலில் நின்று பார்க்கலாம். அந்தக் குறையைப் பக்கத்தில் உள்ள அத்தாரீன் மதரஸா தீர்த்துவிடும். 14ஆம் நூற்றாண்டின் ஓடு, சுதை, தேவதாரு மரவேலை மூன்றும் ஒரே முற்றத்தில்.

காலை உணவுக்கு பிஸ்ஸாரா: உலர்ந்த மொச்சை வகைப் பருப்பைக் குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் சீரகமும் தூவி, ரொட்டியோடு. சைவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும். ஹரீரா சூப்பில் பெரும்பாலும் ஆட்டிறைச்சி இருக்கும், கேட்டுக் குடியுங்கள்.

ஏடிஎம் 100, 200 திர்ஹம் நோட்டாகவே தள்ளும், சந்துக் கடையில் சில்லறை இருக்காது. பெரிய கடையிலோ விடுதியிலோ மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பாதிக் கடை மூடிவிடும். பொருள் வாங்க அது வீண் நாள், தாலா கெபீராவை நெரிசலின்றி நடந்து பார்க்க நல்ல நாள்.