மாப் டீப்: முதலில் எதைக் கேட்பது, 1995ஆ 1996ஆ?

மாப் டீப் என்றால் நியூயார்க் குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பின் ராப் ஜோடி ஹேவக், பிராடிஜி. இவர்களின் 'தி இன்ஃபேமஸ்' ஆல்பம் 1995 ஏப்ரலில் வந்தது. 'ஹெல் ஆன் எர்த்' 1996 நவம்பரில். எதில் தொடங்குவது என்று குழம்புபவர்களுக்காக இது.

ஒலி:
இன்ஃபேமஸ்: இருட்டுதான், ஆனால் ஜன்னல் உண்டு. ராப்பரும் இசைத் தயாரிப்பாளருமான கியூ-டிப்பின் கைவண்ணத்தில் டிரம்ஸ் பளிச்சென்று விழும், ஜாஸ் வாசனை அடிக்கும். 'ஷூக் ஒன்ஸ் பார்ட் 2' பாடலில் ஜாஸ் கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் பியானோவை அடையாளமே தெரியாதபடி உருமாற்றியிருக்கிறார் ஹேவக்.
ஹெல் ஆன் எர்த்: அந்த ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். இசை ஏறக்குறைய முழுக்க ஹேவக்கின் கையில். பனி படிந்த வயலின், மெல்லிய பியானோ, மூச்சுவிட இடமில்லை.

வரிகள்:
முதலாவதில் தெருப் பையன்களின் பயம் தெரியும். இரண்டாவதில் பகை முற்றிவிட்டது. ராப்பர் டூபாக்குக்குப் பதிலடியும் உண்டு. ஆனால் ஆல்பம் கடைக்கு வருமுன், செப்டம்பரிலேயே, அவர் கொல்லப்பட்டிருந்தார். அதை நினைத்துக்கொண்டு கேட்டால் ஒரு மாதிரி இருக்கும்.

விருந்தாளிகள்: ராப்பர்கள் நாஸ், ரேக்வான் இரண்டிலும் உண்டு.

புதியவர் என்றால் இன்ஃபேமஸ். அது பிடித்துப்போனால் அப்புறம் ஹெல் ஆன் எர்த், அதுவும் இரவில், ஹெட்போனில். எனக்கு என்னவோ இரண்டாவதுதான் ஒரு படி மேல். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.