பீன்யாவா, ஒசூரா?

பெங்களூரில் சொந்தமாக எதையாவது வடிவமைத்துச் செய்யும் சின்ன ஒர்க்ஷாப் போடப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: ஊருக்குள்ளேயே இருக்கும் பீன்யா தொழிற்பேட்டையில் ஷெட் எடுக்கட்டுமா, ஒசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகட்டுமா? எல்லோரும் வாடகையில் ஆரம்பிக்கிறார்கள். அதில் ஒசூர்தான் ஜெயிக்கும், சரி, விடுங்கள்.

பீன்யாவின் பலம் அக்கம்பக்கம். டர்னிங், கிரைண்டிங், ஹீட் ட்ரீட்மெண்ட், பிளேட்டிங் என்று உலோக வேலை செய்து தரும் கடைகள் எல்லாம் ஸ்கூட்டரில் போய்வரும் தூரம். காலையில் டிராயிங் கொடுத்த சின்ன பார்ட் சாயங்காலமே கைக்கு வரும், தப்பாக இருந்தால் மறுநாளே திருத்தலாம். ஒரு தடவை இரவு எட்டு மணிக்கு எங்கள் மெஷினில் உலோகத்தை வெட்டும் 6 எம்எம் கார்பைட் எண்ட் மில் உடைந்தது, விடிந்தால் டெலிவரி. அதே ஆர்டருக்குக் கொட்டேஷன் போட்டுத் தோற்ற எதிர் ஷெட்காரர் இரண்டு எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பார்ட்டை அசையாமல் பிடிக்க நாங்கள் வடிவமைத்த ஃபிக்ஸ்சரின் கிளாம்ப் அப்படியே காப்பியாகி அவர் மேஜையில்! சண்டை போட முடியுமா? வெட்டும்போது சூட்டைத் தணிக்கும் கூலண்ட் நாசிலை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதை நானே அவரிடம்தான் சுட்டேன்.

ஒரே தொழில்காரர்கள் ஓரிடத்தில் குவிந்தால் தொழில் ரகசியம் காற்றில் கலந்துவிடும் என்று பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே எழுதிவிட்டார். ஆனால் எங்கள் வலப்பக்கம் ஊதுபத்தி பேக்கிங். இத்தனை வருஷத்தில் "சாப்பிட்டாச்சா" தாண்டிப் பேசியதில்லை. சுவர் ஒட்டியிருந்து என்ன, வேலை ஒட்ட வேண்டாமா?

ரகசியம் மாதிரியே வேலையாளும் பக்கத்துக் கம்பெனிக்குப் பறப்பார். போட்டிக் கம்பெனியில் சேரமாட்டேன் என்று எழுதி வாங்கினாலும், வேலையை விட்ட பிறகு 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு முன்னால் அது பொதுவாக நிற்காது. கலிபோர்னியாவிலும் இதே கதைதான். ஆனால் நமக்கும் நல்ல ஆள் அதே வழியில்தான் வருகிறார்.

ஒசூரில் உறவு வேறு மாதிரி. டிவிஎஸ், அசோக் லேலண்ட் மாதிரி பெரிய ஆலைகளைச் சுற்றிய ஊர். சப்ளை பண்ணுகிற ஆளுக்குப் பெரும்பாலும் டிராயிங் மேலேயிருந்து வரும், பக்கத்து ஷெட்டோடு போட்டி பைசாவில் நடக்கும். வடிவமைப்பு முடிந்து எண்ணிக்கை ஏறும்போது அது தோதான இடம். மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏதர்கூட ஆராய்ச்சியை பெங்களூரில் வைத்துக்கொண்டு ஆலையை ஒசூரில்தான் போட்டது.

முதல் மாடல் நிற்கும்வரை பீன்யாதான் என்பேன். ஆனால் பார்ட்டுகளை மூன்று கடைக்குப் பிரித்துக் கொடுங்கள், அசெம்பிளியை உங்கள் ஷெட்டுக்குள்ளேயே ஷட்டரை இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.