எலி ரத்தத்துக்கு நொதிவழி கொலஸ்ட்ரால் கிட்: எங்கே நம்பலாம்?

மூலிகை இலைச்சாறு கொடுத்த சுண்டெலிகளின் மொத்த கொலஸ்ட்ராலைப் பார்க்க நொதிகளால் நிறம் உண்டாக்கி அளக்கும் இந்த வகை கிட் தாராளமாகப் போதும். 10 மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்), 1 மில்லிலிட்டர் ரீஏஜென்ட் (நிறம் தரும் வினைக்கரைசல்), 37 டிகிரியில் 5 நிமிடம், 505 நானோமீட்டர் ஒளியில் நிறத்தின் அளவீடு. அவ்வளவுதான். சுண்டெலியிடம் கிடைக்கும் ரத்தமோ கொஞ்சம். அதனால் 96 குழித் தட்டில் 2 மைக்ரோலிட்டர் சீரத்துக்கு 200 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட் என்று குறைத்துக்கொள்ளலாம். ஆனால் 2 மைக்ரோலிட்டரில் பிப்பெட் பிழை பெரிதாகும், மூன்று குழிகளாவது வேண்டும்.

பெரிய குறை வேறு இடத்தில். நொதிகள் கொலஸ்ட்ராலிலிருந்து உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடால்தான் நிறம் வருகிறது. சாற்றின் பாலிஃபீனால்கள் (தாவரங்களில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள்) சீரத்தில் மிஞ்சியிருந்தால் அந்தப் பெராக்சைடைத் தின்றுவிடும். கொலஸ்ட்ரால் குறையாமலேயே எண் குறையும். சாதாரண எலியின் சீரத்தில் சாற்றைச் சிறிதளவு கலந்து, கலக்காததோடு ஒப்பிட்டு அளந்தால் குட்டு வெளிப்படும். இதைச் செய்யாத "குறைந்தது" என்ற முடிவை நம்புவதற்கில்லை.

சிவந்த சீரம், பால்போல் கலங்கிய சீரம் இரண்டும் தொல்லை. கலங்கியதை சலைனில் நீர்க்கச் செய்து மறுபடி அளக்கவும். ரீஏஜென்டே இளஞ்சிவப்பாகிவிட்டால் கொட்டிவிடலாம்.

கிட் தாளில் உள்ள ஃப்ரீடுவால்ட் சூத்திரம் (எல்டிஎல் எனும் 'கெட்ட' கொலஸ்ட்ராலை மற்ற அளவுகளிலிருந்து கணக்கிடுவது) மனிதருக்கானது. சாதாரண சுண்டெலிக்கு கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி எச்டிஎல் எனும் 'நல்ல' வகைதான். எல்டிஎல்லை அந்தச் சூத்திரத்தில் கணக்கிட்டால் சிலசமயம் எதிர்மறை எண்கூட வரும்.