ஊரக வீட்டு வசதித் திட்டம்: குடியேறிய பின் எழுதும் மதிப்புரை

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம் அருகே அம்மாவின் பனையோலைக் குடிசை இருந்த இடத்தில், பிரதம மந்திரியின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் கட்டிய வீட்டுக்குள் இரண்டு ஐப்பசி அடைமழைகளைக் கழித்த பிறகே இதை எழுதுகிறேன். தளம் ஒழுகவில்லை, காற்று எழும்போதெல்லாம் கூரையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டும் வேலையும் போயிற்று. அந்த மட்டில் திட்டத்தின் மேல் எனக்குக் குறையில்லை.

குறை தொகையில் இருக்கிறது. சமவெளிப் பகுதிக்கென 2016-இல் நிர்ணயித்த 1.20 லட்சம் ரூபாய், 2024-இல் மேலும் 2 கோடி வீடுகளுக்கு ஒப்புதல் அளித்தபோதும் உயரவில்லை. இதில் ஒன்றிய அரசின் பங்கு 72,000 ரூபாய், மீதி மாநிலத்தினுடையது. கான்கிரீட் தளத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனியே கூடுதல் தொகை தருவதால்தான் இங்கே சுவர்கள் தளத்தைக் காண்கின்றன. காலடியில் கிடக்கும் மணலோ உப்பு மணல், கம்பியைத் தின்றுவிடும். ஆகவே எம் சாண்டும் (பாறையை உடைத்து அரைத்த மணல்) ஜல்லியும் பாம்பன் சாலைப் பாலம் கடந்து லாரியில் வர, அந்த வாடகையும் கட்டுகிறவர் தலையில்தான் விழுகிறது. மலைப்பகுதிக்கு 10,000 ரூபாய் கூட்டித் தரத் தெரிந்தவர்களின் கண்ணில் தீவு படவில்லை.

பணம் அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலின் மேல்மட்டம்), தளம் என்று கட்டம் கட்டமாக வருகிறது. லிண்டல் மட்டத்துக்கான பில்லுக்கு நான்கு மாதம் காத்திருந்தோம். கேட்கப் போன அலுவலகத்தில் "மேலேயிருந்து வரவில்லை" என்றார்கள். தம்பி தன் படகு முதலாளியான சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கித்தான் தளம் போட்டோம்; அந்தக் கடன் இன்னும் அடைபடவில்லை.

அந்த 'மேலே' யார் என்பதுதான் கேள்வி. எங்கள் தெருவில் இந்திரா வீடு, கலைஞர் வீடு, பசுமை வீடு, மோடி வீடு என்று வரிசையாகச் சொல்வார்கள். எந்த வீடு எந்த ஆட்சியில் எழும்பியது என்பது பெயரிலேயே தெரியும். 2010-இல் குடிசைகளையெல்லாம் கான்கிரீட் வீடாக்கத் தொடங்கிய மாநிலத் திட்டமான கலைஞர் வீடு, மறு ஆண்டு ஆட்சி மாறியதும் பசுமை வீட்டுக்கு வழிவிட்டது. 2024-இல் வந்த மாநில அரசின் கனவு இல்லம் திட்டம் 3.50 லட்சம் ரூபாய் தருகிறது, 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்கிறது. 2022-க்குள் அனைவருக்கும் வீடு என்ற தில்லியின் கெடு 2024-க்கு நகர்ந்து, இப்போது 2029-இல் நிற்கிறது. கட்டிய வீட்டுக்குத் தலைவர் பெயர் உண்டு, தவறிய கெடுவுக்கு இல்லை.

மனைப் பட்டா இல்லாதவர்களின் பாடு இதனினும் மோசம். நிலமற்ற பயனாளிக்கு இடம் தர வேண்டியது மாநில அரசின் பொறுப்பு என்று திட்ட விதியிலேயே இருக்கிறது. ஆனால் கரையோரப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் பக்கத்து வீட்டு மதினியிடம், பட்டாவைக் கொண்டு வந்தால் மனுவை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். இந்த மழைக்கும் அவர் ஓலை வாங்கிக் கூரை வேய்ந்திருக்கிறார்.