‘எச் நம்பருக்குத் தயார்’ என்று விற்கப்படும் பழைய மெர்சிடிஸ்: ஜெர்மனியில் வாங்குவோர் கவனத்துக்கு

ஜெர்மனியில் பழைய மெர்சிடிஸ் டபிள்யூ 124 தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் காசு கொடுக்கும் முன் இதை வாசித்துவிடுங்கள். ஒரு வியாபாரி துருவைக் கறுப்புப் பூச்சுக்குள் மறைத்து, ஒப்பந்தத்திலும் ஒரு வரியை நுழைத்து, என்னிடம் 9,500 யூரோ வாங்கிவிட்டார்.

இந்தக் காருக்கு ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறோம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1980-களின் நடுவில் வந்து 1990-களின் நடுப்பகுதி வரை 25 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். அந்தக் காலத்து டாக்ஸி நிறுத்தங்களில் எங்கு திரும்பினாலும் இதுதான் நிற்கும். யாரும் அப்போது இதைப் பொக்கிஷம் என்று நினைக்கவில்லை. ஓட்டினார்கள், தேய்த்தார்கள், கழித்தார்கள். நல்ல நிலையில் எஞ்சியவை குறையக் குறைய இப்போது விலை ஏறுகிறது. ‘நாளைய கிளாசிக்’ என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. அதனால்தான் அதை வைத்து ஏமாற்றவும் முடிகிறது.

தூண்டிலில் இருக்கும் இரை எச் நம்பர் பிளேட், அதாவது பேணிக் காக்க வேண்டிய பழைய கார்களுக்குத் தரும் தனிப் பதிவுத் தகடு. முதல் பதிவு நடந்து 30 ஆண்டு ஆன காருக்கு இது கிடைக்கலாம். கிடைத்தால் எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் ஆண்டு வரி 191.73 யூரோதான், சுற்றுச்சூழல் வலயம் உள்ள நகரங்களுக்குள்ளும் புகை அளவைக் காட்டும் ஸ்டிக்கர் இல்லாமல் போகலாம். ஆனால் 30 வயது ஆனதும் தானாக வருவதில்லை இது. டூஃப், டெக்ரா போன்ற வாகனச் சோதனை நிறுவனங்களில் பரிசோதகர் காரைப் பார்த்து, பெரும்பாலும் அசலாகவும் பேணத்தக்க நிலையிலும் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த காருக்கு அப்படி எழுத மாட்டார்கள்.

நான் வாங்கியது டபிள்யூ 124 வரிசையில் 1994-ஆம் ஆண்டு இ 220, வெள்ளி நிறம். ‘30 வயது நிறைந்தது, எச் நம்பருக்குத் தயார்’ என்பது விளம்பரம். மேலே பார்க்கக் குறையே இல்லை. இருக்கை கிழியவில்லை, கதவு சாத்தினால் அந்தப் பழைய கனமான சத்தம். லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொன்னேன். லிஃப்ட் பழுது என்று சொல்லி, கைபேசியில் அடிப்பாகத்தின் படங்களைக் காட்டினார். எல்லாம் கறுப்பாக, சுத்தமாக இருந்தது.

அந்தக் கறுப்பு சில வாரங்களுக்கு முன் அடித்த தார்ப்பூச்சு. எச் பரிசோதனைக்கு முன் ஒருமுறை பார்க்கட்டும் என்று, எங்கள் ஊரில் கராஜ் வைத்திருக்கும் ஒரு தமிழ் அண்ணனிடம் கொண்டுபோனேன். பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் பலகையில் ஜாக்கி வைக்கும் இடத்து மூடியைக் கழற்றி, ஸ்குரூடிரைவரை வைத்து மெல்ல அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது. “தம்பி, இதுக்குள்ள இரும்பே இல்லை” என்றார். நான்கு இடத்தில் மூன்று அப்படித்தான். பின் ஸ்பிரிங் உட்காரும் பகுதியிலும் பூச்சைச் சுரண்டினால் தகடு பொருக்குப் பொருக்காக வந்தது. வெட்டி ஒட்டிச் சீராக்க 6,000 யூரோவுக்குக் குறையாது என்று கணக்குச் சொன்னார்.

வியாபாரியிடம் திரும்பிப் போனேன். ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார்: ‘இம் குண்டன்அவுஃப்ட்ராக்’, அதாவது வாடிக்கையாளர் சார்பில் விற்றதாம். விற்றவர் ஒரு தனி ஆள், தான் இடைத்தரகர் மட்டும், எந்தப் பொறுப்பும் இல்லை என்றார். இந்த வரி எதற்கு என்றால், வியாபாரி தனி நுகர்வோருக்கு விற்கும்போது குறைகளுக்கான பொறுப்பை முழுவதும் விலக்க முடியாது. பழைய பொருளுக்கு ஓராண்டாகக் குறைக்கலாம், அவ்வளவுதான். தனி ஆள் விற்றால் விலக்கிவிடலாம். அதனால் தனி ஆள் விற்றதாகக் காட்டுகிறார்கள். சிலர் ‘பாஸ்ட்லர்ஃபார்ட்ஸொய்க்’, அதாவது திருத்த வேலை பழகுகிறவருக்கான வண்டி என்று எழுதிவிடுவார்கள். இவற்றில் எதைக் கண்டாலும் பேனாவைக் கீழே வையுங்கள்.

ஒப்பந்தத்தில் இருந்த முகவரிக்குக் கடிதம் எழுதினேன். வயதான ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். காரை அந்த வியாபாரிக்கே 1,800 யூரோவுக்கு விற்றுக் காசு வாங்கிக்கொண்டாராம். தன் பெயரில் மறுபடி விற்கப்பட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. ஜாக்கி இடங்கள் உக்கிப்போனதால் கடைசிச் சோதனையில் கார் தேறவில்லை என்ற தாளையும் படம் எடுத்து அனுப்பினார். அந்த அம்மாவின் நேர்மை இல்லாவிட்டால் நான் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன்.

அந்தத் தாளோடு வக்கீல் கடிதம் போனதும் வியாபாரியின் குரல் மாறியது. தெரிந்தே குறையை மறைத்தவருக்குப் பொறுப்பு விலக்கு எழுதி வைத்தாலும் உதவாது. சிவில் சட்டத்தின் 444-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. காரை எடுத்துக்கொண்டு விலையைத் திருப்பித் தந்தார். பதிவு, காப்புறுதி, கராஜ் செலவு எதுவும் வரவில்லை. அவற்றுக்காக இன்னொரு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

வாங்கப் போகிறவர்கள் லிஃப்ட் இல்லாமல் வாங்கவே வேண்டாம். விற்பவரிடம் இல்லையென்றால் பக்கத்துக் கராஜுக்கோ வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசியின் சோதனை நிலையத்துக்கோ கொண்டுபோக விடச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள். பழைய காரில் புத்தம் புதிய கறுப்புப் பூச்சு நல்ல அறிகுறி அல்ல. முந்தைய டூஃப் அறிக்கைகளைக் கேளுங்கள். 1993 முதல் 1995 வரையான பெட்ரோல் கார்களில் எஞ்சின் வயர்களின் உறை நொறுங்கி உதிரும் வழக்கம் உண்டு. மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் ‘எச் நம்பருக்குத் தயார்’ என்று இருந்தால், பரிசோதகரின் அறிக்கை கையில் வந்தபின் வாங்குகிறேன் என்று சொல்லுங்கள். உண்மையில் தயாராக இருக்கிற காருக்கு அதை எடுப்பதில் விற்பவருக்குக் கஷ்டம் இல்லை.

நான் திருப்பிக் கொடுத்த கார் இப்போது மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே வெள்ளி நிறம், அதே படங்கள், விலை 9,900. நோர்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா பக்கம் 1994 இ 220 பார்க்கப் போகிறவர்கள் ஓட்டுநர் பக்கத்து முன் ஜாக்கி மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஸ்குரூடிரைவர் போன துளை, மூடாமல் விட்டிருந்தால், அங்கே இருக்கும்.